பேண்டுகள் மாறின, சிம்பல் மாறவில்லை: சேபியன் எக்ஸ்எஸ்ஆர் தொகுப்பு, இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு

டிரம்ஸோடு சேர்த்து அடிக்கும் வட்ட உலோகத் தட்டுகளான சிம்பல்களைச் செய்யும் சேபியன் நிறுவனத்தின் எக்ஸ்எஸ்ஆர் வரிசையில், காலால் திறந்து மூடும் இரட்டைத் தட்டான 14 அங்குல ஹை-ஹேட், ஓங்கி அடித்து அழுத்தம் தரும் 16 அங்குல ஃபாஸ்ட் கிராஷ், தாளத்தைத் தொடர்ந்து தட்டும் 20 அங்குல ரைடு ஆகிய மூன்றும் அடங்கிய தொகுப்பை நான் வாங்கி இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் காலத்தில் அது என்னோடு மூன்று பேண்டுகளிலும் (இசைக்குழுக்களிலும்), இரண்டு சபைகளின் ஞாயிறு ஆராதனைகளிலும், எண்ணி வைத்துக்கொள்ளாத பல திருமண மேடைகளிலும் ஒலித்திருக்கிறது. அந்த மூன்று பேண்டுகளில் இரண்டு கலைந்துவிட்டன. திருச்சி போன்ற ஓர் ஊரில் டிரம்ஸ் கற்றுக்கொள்பவர் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் முதலில் எதை வாங்க வேண்டும் என்று இளைஞர்கள் என்னிடம் கேட்கும்போது, கிட்டை, அதாவது முழு டிரம்ஸ் தொகுதியை, மறந்துவிட்டு நல்ல சிம்பல் வாங்குங்கள் என்றே நான் சொல்கிறேன். அந்தப் பதிலுக்கான காரணம் சிம்பலின் ஒலியில் பாதியும் எங்கள் ஊர் பேண்டுகளின் நிலைமையில் பாதியும் இருப்பதால், இந்த மதிப்புரையில் இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊரில் பேண்ட் என்பது பெரும்பாலும் கல்லூரியில் தொடங்கிக் கல்லூரியோடு முடிந்துவிடுகிறது. திருச்சி என்ஐடியின் ஃபெஸ்டம்பர், சென்னை ஐஐடியின் சாரங் போன்ற கலைவிழாக்களை மனத்தில் வைத்து மாணவர்கள் ஒன்றுசேர்வார்கள். கிட்டார், கீபோர்டு, பாட்டு என எல்லாவற்றுக்கும் விடுதியிலேயே ஆள் கிடைத்துவிடும். விடுதி அறையில் டிரம்ஸ் பழக முடியாது என்பதால் டிரம்மர் மட்டும் வெளியிலிருந்து வர வேண்டியிருக்கும். அப்படித்தான் என்னை அழைப்பார்கள். ஆறு மாதம் ஒத்திகை பார்த்து, எட்டுப் பாடல்கள் கைக்குப் பழகி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே நிறுத்தங்கள் சரியாக விழத் தொடங்கும் நேரத்தில் இறுதியாண்டு முடிந்துவிடும். ஒருவர் பெங்களூருக்கும் ஒருவர் சென்னைக்கும் வேலைக்குப் போய்விடுவார்கள். அதற்காக யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனாலும், பேஸ் கிட்டாரின் தட்டும் பேஸ் டிரம்மின் மிதியும் ஒரே ஒலியாக விழும் அந்தப் பழக்கம் கைகூட மாதக்கணக்கில் ஆகிறது என்பதையும், அதை ஆண்டுதோறும் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவது எத்தனை சோர்வைத் தருகிறது என்பதையும் அனுபவித்தவர்களே அறிவார்கள்.

கல்லூரியை விட்டால் அடுத்து இருப்பவை மெல்லிசைக் குழுக்கள். அங்கே நான் சந்திக்கும் முதல் கேள்வி, “உங்களிடம் பேட் இருக்கிறதா?” என்பதுதான். பேட் என்பது குச்சியால் தட்டி வாசிக்கும் மின்னணுப் பலகை. ரோலண்ட் நிறுவனம் 1985இல் கொண்டுவந்த முதல் ஆக்டோபேட் தனக்கென ஓர் ஒலியும் இல்லாமல் வேறு கருவிகளை இயக்குவதற்கான பலகையாகவே இருந்தது. பின்னர் ஒலிகளை உள்ளேயே கொண்டு வந்த எஸ்பிடி-20, எஸ்பிடி-30 போன்றவை தமிழ்நாட்டு மேடைகளில் நிலைத்துவிட்டன. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஒரு முழு டிரம் கிட்டுக்கு மைக் வைக்க வேண்டுமென்றால் பேஸ் டிரம்முக்கு ஒன்று, ஸ்னேர் என்ற சிறு டிரம்முக்கு ஒன்று, டாம் என்ற மற்ற டிரம்களுக்குத் தலைக்கு ஒன்று, சிம்பல்களுக்கு மேலிருந்து இரண்டு என ஏழு மைக்குகளாவது தேவைப்படும். திருமண மண்டபத்துக்கு வரும் சவுண்ட் சர்வீஸ்காரர் பாடகர்களுக்கான மைக்குகளோடு வருகிறார். பேட் என்றால் இரண்டு கம்பிகளில் வேலை முடிந்துவிடும். தவிலும் டோலக்கும் தபேலாவும்கூட அதற்குள்ளேயே கிடைக்கும். பேட் வாசிப்பது தனிக்கலை என்பதில் எனக்கு ஐயமில்லை, அதில் விரல் வித்தை காட்டும் நண்பர்கள் எனக்கு உண்டு. இருந்தாலும், மேடையில் டிரம்மருக்கு என்று இருந்த இருக்கை அதனால் இல்லாமல் போனது என்பதும் உண்மை.

கிட்டைத் தூக்கிக்கொண்டு போவதும் எளிதல்ல. 22 அங்குல பேஸ் டிரம், டாம்கள், ஸ்டாண்டுகள் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டுமென்றால் ஒரு சின்ன யானை வண்டி பிடிக்க வேண்டும், கிடைக்கும் சம்பளத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். ஆகவே கல்லூரியில், சபையில், ஒத்திகை அறையில் எந்தக் கிட் இருக்கிறதோ அதில்தான் நாங்கள் வாசிக்கிறோம். அந்தக் கிட்டுகளின் சிம்பல்களை அருகில் போய்ப் பார்த்தால் வயிறு எரியும். ஸ்டாண்டின் நடுக்கம்பிக்கும் சிம்பலின் துளைக்கும் இடையே இருக்க வேண்டிய பிளாஸ்டிக் குழாய் எப்போதோ தொலைந்திருக்கும். இரும்பும் தகடும் நேரடியாக உரசி, வட்டமாக இருந்த துளை சாவித்துவாரம் போல நீண்டிருக்கும். மேலே இறக்கை மறையை யாரோ முழு பலத்தோடு இறுக்கியிருப்பார்கள். அசைய வழியில்லாத சிம்பல் அடியின் வேகத்தை முழுவதுமாகத் தன் விளிம்பில் வாங்கிக்கொண்டு அங்கே விரிசல் விட்டிருக்கும். ஒரு சபையில், விரிசல் மேலும் ஓடாமலிருக்க அதன் நுனியில் பட்டறையில் கொடுத்துத் துளை போட்டு வைத்திருந்தார்கள். செய்தவரின் அக்கறையை மதிக்கிறேன், ஆனால் அந்தச் சிம்பலிலிருந்து வந்த ஒலி தகர டப்பாவின் மூடியை நினைவூட்டியது.

சிம்பலை மட்டுமாவது நாமே கொண்டுபோக வேண்டும் என்று முடிவெடுத்தது அப்போதுதான். முதல் முயற்சியில் நான் ஏமாந்தேன். திருச்சியில் இசைக்கருவிக் கடைகளில் கீபோர்டும் கிட்டாரும் நிறைய இருக்கும். டிரம்ஸ் சாமான்கள் ஒரு மூலையில் கிடக்கும். ஒரு கடையில், பளபளவென்று மின்னிய ஒரு பெட்டித் தொகுப்பைக் காட்டி, “முழுக்க வெண்கலம் தம்பி, தைரியமா எடுத்துக்கோங்க” என்றார்கள். உறையைப் பிரித்து ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கக் கேட்டபோது, பிரித்தால் விற்க முடியாது என்று மறுத்துவிட்டார்கள். நானும் கடைக்காரரின் சொல்லை நம்பிப் பணத்தைக் கட்டினேன். வீட்டில் வந்து அடித்தபோது ஒலி எழும்பி நிற்காமல் சட்டென்று விழுந்தது. பிறகு பெட்டியில் இருந்த மாடல் பெயரைத் தேடித் தயாரிப்பாளரின் விவரக்குறிப்பைப் படித்தபோதுதான் அது பித்தளை என்று தெரிந்தது. எட்டாவது மாதத்தில் கிராஷ் விளிம்பில் கிழிந்தது. கடையில் கொண்டுபோய்க் காட்டியதற்கு, அடிக்கும் பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பணம் போனதைவிட, பித்தளையை வெண்கலம் என்று சொல்லித் தந்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறாமல் இருக்கிறது.

பித்தளைக் குடத்துக்கும் வெண்கலப் பானைக்கும் வேறுபாடு தெரிந்த வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. தொடக்கநிலை கிட்டுகளோடு வரும் சிம்பல்கள் பெரும்பாலும் இந்த வகையே. எடுத்துக்காட்டாக, மெய்னல் நிறுவனத்தின் எச்சிஎஸ் வரிசை 63 விழுக்காடு செம்பும் 37 விழுக்காடு துத்தநாகமும் கொண்டது என்று அந்த நிறுவனமே வெளிப்படையாகச் சொல்கிறது, அந்த விலைக்கு அது நேர்மையான பொருள். வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. சிம்பல் உலகில் பி8 என்றால் 8 விழுக்காடு வெள்ளீயம், பி20 என்றால் 20 விழுக்காடு வெள்ளீயம் என்று பொருள். கோயில் மணிக்கும் பஜனைத் தாளத்துக்கும் பயன்படும் வெண்கலமும் ஏறத்தாழ இந்தப் பி20 கலவைதான். வெள்ளீயம் கூடினால் உலோகம் கடினமாகி, அடித்த அடி நெடுநேரம் கார்வையோடு நிற்கும். ஆனால் குளிர்ந்த நிலையில் எளிதில் உடையும் என்பதால், காய்ச்சிச் செந்நிறமான பதத்தில் உருட்டி, திடீரென்று குளிரவைத்துப் பக்குவப்படுத்த வேண்டும். ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியிலும் கிடைத்த பழைய வெண்கலக் கலங்கள் சில, வெள்ளீயம் மிகுந்த இத்தகைய கலவையை இதே முறையில் பக்குவப்படுத்திச் செய்தவை என்று ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். அதைப் படித்த நாளிலிருந்து, நம் மண்ணுக்குத் தெரிந்த ஓர் உலோகத்தைத்தான் அடித்துக்கொண்டிருக்கிறோம் என்ற எண்ணம் எனக்கு ஒரு தனி நெருக்கத்தைத் தருகிறது.

பி8 என்றால் மட்டம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பைஸ்டே நிறுவனம் 1971இல் கொண்டுவந்த 2002 வரிசை பி8 கலவைதான், லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் டிரம்மர் ஜான் பானம் அடித்த சிம்பல்கள் அவை. கலவையோடு தகட்டின் கனமும் சுத்தியல் வேலையும் சேர்ந்துதான் ஒலியைத் தீர்மானிக்கின்றன. ஆனால் எங்கள் ஊரில் கிடைக்கும் விலைப்பிரிவில், நெடுநாள் உழைக்கும் ஒலி வேண்டுமென்றால் பி20 பக்கம் போவது நல்லது என்ற முடிவுக்கு நான் வந்தேன்.

சேபியன் கதை பலருக்குத் தெரிந்ததே. 1623இல் கான்ஸ்டாண்டினோபிளில் சிம்பல் தொழிலைத் தொடங்கிய ஜில்ஜியன் குடும்பத்தின் வழித்தோன்றல்களான அண்ணன் தம்பிகள் பிரிந்தபோது, தம்பி ராபர்ட் ஜில்ஜியன் 1981இல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாநிலத்தில் தொடங்கியது இது. தன் மூன்று பிள்ளைகளின் பெயர்களான சாலி, பில், ஆண்டி ஆகியவற்றின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துப் பெயர் வைத்தார். இந்த நிறுவனத்தில் எஸ்பிஆர் என்பது பித்தளை, பி8எக்ஸ் என்பது பெயருக்கேற்ப பி8, ஏஏஎக்ஸும் எச்எச்எக்ஸும் விலை கூடிய பி20 வரிசைகள். எக்ஸ்எஸ்ஆர் இவற்றுக்கு நடுவே நிற்கிறது. உலோகம் பி20, விலை நடுத்தரம். வாங்குபவர்கள் நிறுவனத்தின் பெயரோடு நின்றுவிடாமல் வரிசையின் பெயரையும் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். ஒரே முத்திரை பித்தளையிலும் இருக்கும், வெண்கலத்திலும் இருக்கும்; பளபளப்பை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

இந்த முறை சென்னைக்குப் பேருந்தில் போய், அடித்துப் பார்க்க அனுமதித்த ஒரு கடையில் வாங்கினேன். ஐம்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆனது. கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் விலை மாறுகிறது. ஒரே மாடலில் இரண்டு ஹை-ஹேட் இணைகள் இருந்தன, இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கவில்லை. ஒன்றின் மேல்தட்டு சற்று உலர்ந்த குரலில் பேசியது, மற்றது கொஞ்சம் அகலமாகத் திறந்தது. நான் இரண்டாவதை எடுத்தேன். இணையத்தில் வாங்கியிருந்தால் இந்தத் தேர்வு எனக்குக் கிடைத்திருக்காது. திரும்பி வரும்போது பையை மேலே வைக்க மனமில்லாமல் விழுப்புரம் தாண்டும்வரை மடியிலேயே வைத்திருந்தேன்.

இனி ஒலிக்கு வருகிறேன். தொகுப்பில் முதலிடம் ஹை-ஹேட்டுக்குத்தான். மூடிய நிலையில் குச்சியின் நுனியால் தட்டினால் ஒவ்வொரு தட்டும் அரிசி உதிர்வது போலத் தனித்தனியாகக் கேட்கிறது. குச்சியின் தோளால் விளிம்பில் அடித்தால் கரகரப்பு ஏறுகிறது. பாதத்தை ஒரு நூல் அளவு தூக்கினால் “த்ஸ்ஸ்” என்று கசியும் அந்த இடைநிலைதான் இதன் அழகு. இளையராஜாவின் குழுவில் நெடுங்காலம் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமன் போன்றவர்களின் வாசிப்பைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, ஹை-ஹேட் என்பது திறப்பு, மூடல் என்ற இரண்டு நிலைகளில் அடங்குவதில்லை. இடையில் பாதத்தின் அழுத்தத்துக்கு ஏற்ப எத்தனையோ நிலைகள் இருக்கின்றன. பேட் கருவிகளில் பதிவுசெய்யப்பட்ட ஹை-ஹேட் அந்த நிலைகளை முழுமையாகத் தருவதில்லை என்பதே என் அனுபவம். பழைய பாடல்களை வாசிக்கும்போது அந்தக் குறை கேட்பவர்களுக்குப் பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் காதில் படுகிறது.

கிராஷ் மெல்லியது, அடித்த உடனே முழு ஒலிக்கு வந்து விரைவில் அடங்குகிறது. திருமண மண்டபங்களில் பாடகரின் மைக்குக்கு அருகில் உட்கார வேண்டியிருக்கும்போது இந்த விரைவான அடக்கம் மிகவும் உதவுகிறது. ஆனால் திறந்தவெளிக் கல்லூரி மேடையில், இரண்டு கிட்டார்களும் உச்சத்தில் இருக்கும்போது 16 அங்குலம் போதவில்லை. அதற்கு 18 அங்குலக் கிராஷ் ஒன்று தேவை, அதற்காகப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ரைடைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தட்டு தெளிவாக இருக்கிறது, நடுக்குமிழ் கூர்மையாக வெட்டிக்கொண்டு வருகிறது, ஓங்கி அடித்தால் கார்வை சற்று அதிகமாகப் பரவி அடுத்த தட்டுகளை மூடுகிறது. மென்மையாக வாசிப்பவர்களுக்கு அது குறையாகத் தெரியாது. மொத்தத்தில் இந்தத் தொகுப்பின் குரல் வெளிச்சமானது. ஓடு வேய்ந்த சிறிய சபைக் கட்டடத்திலோ நாற்புறமும் சிமெண்டுச் சுவர் உள்ள அறையிலோ அது காதைக் கூசவைக்கும், அங்கெல்லாம் நான் மெல்லிய 7ஏ குச்சிகளுக்கு மாறிக்கொள்கிறேன்.

இவற்றை வாங்கிய பிறகு பேண்ட் கிடைப்பதில் ஏற்பட்ட மாற்றத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு மெல்லிசைக் குழுவில் பேட் வாசிக்கும் அண்ணன் ஒருவரிடம், “அண்ணே, உங்க பேட் அப்படியே இருக்கட்டும், நான் பக்கத்துல ஸ்னேர், ஹை-ஹேட், ஒரு கிராஷ் மட்டும் வச்சு வாசிக்கிறேன், ஒரு மைக் போதும்” என்று கேட்டேன். அவர் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். பேஸ் டிரம்மும் தாள வாத்தியங்களும் அவர் கையில், ஹை-ஹேட்டின் ஓட்டமும் நிறுத்தங்களும் என் கையில் என்று பிரித்துக்கொண்டோம். முதல் கச்சேரி முடிந்து இறங்கியபோது குழுவின் பாடகி வந்து, இன்று பாடுவதற்குத் தாளம் பிடிமானமாக இருந்தது என்றார். என் மூன்றாவது பேண்ட் அந்தக் குழுதான், அது இன்றும் நடக்கிறது. ஒரு ஸ்னேரும் ஒரு சிம்பல் பையும் இரண்டு ஸ்டாண்டுகளும் என் மோட்டார் சைக்கிளில் அடங்கிவிடுகின்றன.

பராமரிப்பில் இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். கையில் வியர்க்கும் நம் ஊரில் பளபளப்பான மேற்பரப்பில் விரல் தடம் பதிந்து கறுக்கிறது, வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிட வேண்டும். வீட்டில் விளக்குத் தேய்க்கும் பழக்கத்தில் புளி போட்டுத் தேய்த்துவிட அம்மா அன்போடு முன்வந்தார். தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள், புளியின் அமிலம் மேற்பூச்சையும் முத்திரை எழுத்தையும் அரித்துவிடும். இரண்டாவது, ஸ்டாண்டுக்கான பிளாஸ்டிக் குழாய். எங்கே போனாலும் அது இருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் மெக்கானிக் கடையில் அரை மீட்டர் பெட்ரோல் டியூப் வாங்கி, கட்டைவிரல் நீளத்துக்கு வெட்டிப் பையில் போட்டு வைத்திருக்கிறேன். போகும் இடத்து ஸ்டாண்டில் அதைச் செருகிய பிறகுதான் சிம்பலை மாட்டுகிறேன். இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகும் மூன்று துளைகளும் வட்டமாகவே இருப்பதற்கு இந்தச் சிறு துண்டுகளே காரணம். வாசித்துவிட்டுக் கிளம்பும்போது அந்தத் துண்டை அங்கேயே விட்டுவிட்டு வருவதும் உண்டு.

முழுத் தொகுப்புக்கும் பணம் இல்லாதவர்கள் ஹை-ஹேட்டை மட்டும் முதலில் வாங்கலாம், ஒரு கச்சேரியில் நம் குச்சி மிகுதியாக விழுவது அதில்தான். பழைய பி20 சிம்பல்கள் விற்பனைக்கு வந்தால் அதையும் தயங்காமல் போய்ப் பாருங்கள். வெண்கலம் நன்றாகப் பார்த்துக்கொள்ளப்பட்டால் இன்னொருவர் கையிலும் பல ஆண்டுகள் ஒலிக்கும். பார்க்கும்போது நடுத்துளை வட்டமாக இருக்கிறதா என்று கவனித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரல் நகத்தை விளிம்பு முழுவதும் மெதுவாக ஓட்டுங்கள். எங்காவது ஓரிடத்தில் நகம் தட்டுப்பட்டால் அங்கே விரிசல் தொடங்கியிருக்கிறது என்று பொருள், விலையைக் குறைத்துக் கொடுத்தாலும் அதை வாங்காதீர்கள்.